ஓதம் அறிந்து துறை புகுதல்

வரலாற்றுப் பாடநூல்களில் துறைமுகங்களின் பெயர்கள் வரிசையாக வரும். கொற்கை, புகார், முசிறி, தொண்டி என்று மனப்பாடம் செய்கிறோம். முத்தும் மிளகும் வெளிநாடு சென்றன, பொன்னும் மதுவும் குதிரையும் வந்திறங்கின என்று விடைத்தாளில் எழுதுகிறோம். தேர்வுக்கு இவ்வளவும் போதும். ஆனால், வரலாற்றை உள்ளபடி அறிய விரும்பும் மாணவன் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நெடுங்கடலைப் பல திங்கள் கடந்து வந்த பாய்மரக் கலம், துறைக்கு முன்னுள்ள கடைசிக் கால் மைல் தொலைவை எவ்வாறு கடந்தது?

இக்கேள்வி சிறியதன்று. ஆழ்கடலில் அழிந்த கலங்களை விடக் கரை கண்ட பின்னர் அழிந்த கலங்களே மிகுதி என்பது பழைய மாலுமிகள் பலரும் சொல்லும் செய்தி. ஆழ்கடலில் கலத்திற்கு அடியில் நீர் உண்டு. கரையை அடுத்த இடத்திலோ மணல் உண்டு, பாறை உண்டு, புரளும் அலை உண்டு. அங்கே கலத்தைக் காப்பது பாய்மரத்தின் வலிமையன்று. உள்ளே நுழைவதற்கு உரிய நேரத்தை அறிந்த அறிவே.

நம் நாட்டுத் தொன்மையான துறைகளில் பெரும்பாலானவை ஆற்று வாய்களில் அமைந்தவை. ஆறு வண்டலைச் சுமந்து வருகிறது. கடல் அலை அதனை எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டின் வேகமும் அடங்கும் இடத்தில் மணல் படிந்து, நீருக்குள் ஒரு திட்டாகக் குறுக்கே கிடக்கிறது. வாய்க்கு வெளியே ஆழம், வாய்க்கு உள்ளேயும் ஆழம், இடையில் மட்டும் ஒரு மறைந்த வாயிற்படி. எங்கள் குமரி மாவட்டத்தில் ஆறு கடலில் விழும் இவ்விடத்தைப் பொழி என்றும் பொழிமுகம் என்றும் மக்கள் வழங்குவர். கோடையில் ஆற்றில் நீர் குறையும்போது மணல் உயர்ந்து பொழி அடைபடுவதும், மழைவெள்ளம் வந்து அதனை உடைத்துத் திறப்பதும் இக்கரையில் உள்ளவர்கள் ஆண்டுதோறும் காணும் காட்சி. அந்த வாயிற்படியின் மீது எவ்வளவு நீர் நிற்கிறது என்பதே கலத்தின் விதியை முடிவு செய்தது.

அந்த நீரின் அளவு எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே, இன்று காலை 8 மணிக்கு ஓதம் உச்சத்தை அடைந்தால், நாளை ஏறக்குறைய 8 மணி 50 நிமிடத்திற்கு உச்சமடையும். திங்களும் ஞாயிறும் கடல் நீரை ஈர்ப்பதே இதற்குக் காரணம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் ஏற்றமும் மிகுதி, இறக்கமும் மிகுதி. இதனை உவா ஓதம் என்கிறோம். அட்டமியை ஒட்டிய நாள்களில் ஈர்ப்புகள் ஒன்றையொன்று குறைப்பதால் ஏற்றமும் இறக்கமும் சிறுத்துவிடும். ஆதலால், கடலோடிக்குத் திதி என்பது வெறும் சடங்குக் கணக்கன்று. எந்நாளில் எவ்வளவு நீர் என்று காட்டும் அளவுகோல்.

இனி ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். ஒரு கலம் நீரில் 1.5 மீட்டர் அமிழ்ந்து மிதக்கிறது என்று கொள்க. அலையில் அது தாழ்ந்து எழுவதற்காக இன்னும் அரை மீட்டர் வேண்டும். ஆக, திட்டின் மேல் 2 மீட்டர் நீர் தேவை. வற்றிய நேரத்தில் அங்கே நிற்பதோ 1.2 மீட்டர்தான். அன்றைய ஓதம் 2.4 மீட்டர் ஏறும் என்றால், எப்பொழுது நுழையலாம்? நீர் ஆறு மணி நேரத்தில் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என்று ஏறும். இது தோராயமான விதியே. எனினும் மாலுமிகள் இன்றும் கையாளும் விதி. இதன்படி முதல் மணியின் முடிவில் 1.4 மீட்டர், இரண்டாம் மணியின் முடிவில் 1.8 மீட்டர், மூன்றாம் மணியின் முடிவில் 2.4 மீட்டர் நீர் நிற்கும். எனவே, மூன்றாம் மணி தொடங்கிச் சற்று நேரத்திற்கெல்லாம் வாயில் திறந்துவிடுகிறது.

ஓதம் உச்சத்தை அடையும்வரை காத்திருந்து, நிறைந்த நீரில் நுழைவதன்றோ நலம் என்று நீங்கள் கேட்கலாம். அனுபவம் மிக்க மாலுமி அவ்வாறு செய்யமாட்டான். ஏறுகின்ற நீரில் நுழையும்போது கலம் மணலில் தட்டினாலும், சற்று நேரத்தில் வரும் நீரே அதனைத் தூக்கி விடும். உச்சத்தில் தட்டினாலோ, அதன் பின் நீர் இறங்குமே அன்றி ஏறாது. அதிலும் உவா ஓதத்தின் உச்சத்தில் தரை தட்டிய கலத்தின் நிலை இரங்கத்தக்கது. மறுநாள் ஓதம் அவ்வளவு உயராது; அதற்கடுத்த நாள் இன்னும் குறையும். அடுத்த உவாவரை, ஏறக்குறைய இரண்டு வாரம், அக்கலம் மணலிலேயே கிடந்து அலையில் அடிபட நேரும். ஆதலால், உச்சத்திற்கு ஒன்று இரண்டு மணி நேரத்திற்கு முன்பே உள்ளே சென்று விடுவது முறை.

இறங்குகின்ற நீரில் நுழைவதற்கு இன்னொரு தடையும் உண்டு. அப்பொழுது ஆற்று நீரும் உள்ளே புகுந்த கடல் நீரும் சேர்ந்து வாய் வழியாக விரைந்து வெளியேறும். வெளியிலிருந்து வரும் அலை அதனை எதிர்க்கும். எதிர்ப்பட்ட அலை உயர்ந்து, செங்குத்தாகி, திட்டின் மேல் உடைந்து விழும். உள்ளே அமைதியாகத் தோன்றும் பொழி, வாயிலில் கொதிக்கும் உலைபோல் இருக்கும்.

இத்தனையும் கணித்த பிறகும் பாய்மரக் கலத்திற்குக் காற்று வேண்டும். நம் கரையில் நல்ல பருவத்தில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும். விடியற்காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். ஆகவே, உள்ளே வருவதற்குப் பிற்பகலும், வெளியே செல்வதற்கு வைகறையும் உகந்தவை. ஓதத்தின் உச்சம் நாள்தோறும் 50 நிமிடம் தள்ளிப் போகிறதல்லவா? பிற்பகலில் காற்று ஐந்து மணி நேரம் நிலைக்கிறது என்று கொண்டால், ஓதமும் காற்றும் பொருந்தி வரும் நாள்கள் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஆறுதான். மற்ற நாள்களில் நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். அல்லது துடுப்புப் படகுகளைக் கொண்டு இழுப்பிக்க வேண்டும்.

இக்கலை ஏதோ பிற்காலத்தில் தோன்றியது என்று எண்ண வேண்டா. கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் அறியப்படாத கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடற் பயண நூல், நம் நாட்டுத் துறைகளுக்குள் நுழையும் முறையை விரிவாகக் கூறுகிறது. நருமதை ஆற்றின் கரையில் உள்ள பரூச் நகரை அவர் பாரிகாசா என்று குறிக்கிறார். அக்கரை தாழ்வானது, மிக அருகில் வரும்வரை ஆற்று வாய் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்த பின்னும் மணல் திட்டுகளால் நுழைவது கடினம் என்கிறார். அதற்காக அரசனின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள், ஆள்பலம் மிக்க பெரிய படகுகளில் சௌராட்டிரக் கரைவரை சென்று, வரும் கலங்களை எதிர்கொண்டு அழைத்து வந்தனர். ஓதம் ஏறத் தொடங்கும்போது கலத்தை இழுத்துச் செல்வர். நீர் இறங்கும் நேரம் முழுவதும் ஆற்றில் ஆழமான மடுக்களில் நிறுத்தி வைப்பர். அடுத்த ஏற்றத்தில் மீண்டும் செலுத்துவர். இவ்வாறு நிலை நிலையாக, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் உள்ளே இருந்த நகருக்குக் கலம் சென்று சேர்ந்தது.

அந்த ஓதத்தின் கடுமையையும் அவர் வருணிக்கிறார். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மூன்று நாள் அது மிகும் என்று திதியோடு சேர்த்தே சொல்கிறார். சற்று முன் கலம் ஓடிய இடம் தரையாகிவிடும். தரையாக இருந்த இடம் கடலாகிவிடும். பெரும்படையின் ஆரவாரம் போன்ற ஒலி தொலைவிலிருந்தே கேட்கும்; அடுத்து நீர் சுவர் போல் எழுந்து வந்து கலங்களைப் புரட்டிவிடும். இதில் மிகைப்படுத்தல் இல்லை. காம்பே வளைகுடாவில் பவநகர்ப் பக்கத்து உவா ஓதம் 10 மீட்டருக்கும் மேல் உயர்வதை இன்றைய அளவீடுகள் காட்டுகின்றன. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறிது. அக்கடலில் பழகியவர்களுக்கு நம் கரை வியப்பும் அச்சமும் தந்ததில் புதுமை இல்லை. கி.மு. 325ஆம் ஆண்டில் சிந்து நதியின் முகத்தில் நின்ற அலெக்சாந்தரின் கப்பல்கள், நீர் வற்றியதும் திடீரெனத் தரையில் கிடந்தன. திரும்ப வந்த ஓதத்தில் சில சேதமுற்றன என்று வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதியிருக்கிறார். உலகை வெல்லப் புறப்பட்ட வீரனுக்குத் தெரியாத செய்தி, சிந்துக் கரை மீனவச் சிறுவனுக்குத் தெரிந்திருக்கும்.

நம் தமிழ் இலக்கியத்திலும் இதற்குச் சான்று இருக்கிறது. புறநானூற்றின் 30ஆம் பாடல் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. அதில், பாயைக் களையாமலும் மேற்சுமையைக் குறைக்காமலும் புகாருக்குள் நேரே நுழைந்துவிட்ட பெரிய மரக்கலம் ஒன்று வருகிறது. இதைப் படிப்பவர் பெரும்பாலும் புகாரின் செல்வத்தை மட்டும் எண்ணிக் கடந்து விடுவர். சற்று நின்று நோக்கினால், இதைப் புலவர் சிறப்பாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு என்பது விளங்கும். மற்றத் துறைகளில் வாய்க்கு வெளியே நின்று பாயை இறக்க வேண்டும். சுமையைக் குறைத்துக் கலத்தை மிதக்கவிட வேண்டும். புகாரிலோ அந்தத் தொல்லை இல்லை. ஆகவே, அக்காலத்தில் காவிரி வாய் ஆழமுடையதாக இருந்தது என்று நாம் ஊகிக்கலாம். அதே புறநானூற்றின் 343ஆம் பாடலில் பரணர் முசிறியைக் காட்டுகிறார். அங்கே கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகளே கரை சேர்க்கின்றன.

கிரேக்க மாலுமியின் நூல் இதற்குத் துணை நிற்கிறது. பாண்டியருக்கு உரியதாயிருந்த நெல்கிந்தா என்னும் உள்நாட்டுத் துறையிலிருந்து கலங்கள் வெறுமையாகவே ஆற்றில் இறங்கி, வாயில் உள்ள பகரே என்னும் இடத்தில் கடலில் நங்கூரமிட்டு, அங்கேதான் சரக்கேற்றின. ஆற்றில் திட்டுகள் மிகுதி, நீர்வழி தெளிவாக இல்லை என்பதே அவர் கூறும் காரணம். ஓர் இலக்கியச் செய்தியும் ஓர் அயலார் குறிப்பும் இவ்வாறு ஒரே உண்மையை இரு பக்கத்திலிருந்து காட்டும்போது, வரலாற்று மாணவனுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

எங்கள் கரையின் நிலை என்ன? மார்த்தாண்டத்தின் அருகே ஓடும் குழித்துறை ஆறு, கோதையாறும் பறளியாறும் கூடிப் பிறப்பது. தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக் கடலில் விழுவது. நான் புவியியல் கற்பித்த நாள்களில் உயர்வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, அளவு குறித்த மூங்கிலை ஆற்றோரத்தில் நட்டு, மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை எழுதச் சொல்வது உண்டு. ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே இரண்டடிக்கு மேல் வேறுபாடு கண்டதில்லை. பரூச்சின் பெரும் ஓதத்தைப் பாடத்தில் படித்துவிட்டு வந்த மாணவர்கள் சற்று ஏமாற்றம் அடைவர். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓதம் பெரிதாக உள்ள இடத்தில் அது பெரிய வாயிலைத் திறக்கிறது. இங்கே இரண்டடி நீர்தான் கிடைக்கிறது. ஆதலால், எங்கள் கரையில் ஓதத்தை அறிந்தால் மட்டும் போதாது. அலையையும் அறிய வேண்டும்.

அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சில தொடர்ந்து வரும். பின்னர்ச் சிறிது நேரம் கடல் அடங்கும். கட்டுமரக்காரர் உடையும் அலைக்கு வெளியே நின்று, பெரிய அலைகள் கடந்து போவதைப் பார்த்து, அந்த அடக்கத்தில் விரைந்து கரையேறுவர். கரையில் நின்று பார்ப்பவர்க்கு இது துணிச்சலாகத் தோன்றும். உண்மையில் இது பொறுமை. தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர்வரை இந்த அடக்கம் அரிதாகிவிடும். இக்கடலைத் தொடாமலே சரக்கைக் கொண்டு செல்லத் திருவிதாங்கூர் அரசு வழி தேடியது. திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு நீர்வழியால் இணைக்கும் நோக்கத்தோடு 1860ஆம் ஆண்டில் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்கப்பட்டது. அது குமரிவரை முடிக்கப்படவில்லை; எனினும் தேங்காய்ப்பட்டணம் வழியாக அதன் தடம் இன்றும் இருக்கிறது.

துறைகள் என்றும் நிலைத்திருப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. பாண்டியரின் கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, வாணிகம் காயலுக்கு இடம் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட செழிப்பான காயலும் பின்னர் அதே விதியை அடைந்தது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறிப் பக்கத்து வாயைத் தூர்த்துக் கொச்சியின் வாயைத் திறந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அந்தக் கொச்சிக்கும் வாயிற்படி இருந்தது. இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் 1920களில் அதனை வெட்டி ஆழப்படுத்திய பிறகு, 1928 மே 26 அன்று பத்மா என்னும் நீராவிக் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. அரசுகள் வீழ்ந்ததால் அழிந்த துறைகள் சில. வாயிலில் சில அடி மணல் சேர்ந்ததால் அழிந்தவை பல.

இவை யாவும் முடிந்துபோன கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டா. தேங்காய்ப்பட்டணத்தில் இன்று அலைத்தடுப்புச் சுவர்களோடு மீன்பிடித் துறைமுகம் அமைந்திருக்கிறது. ஆயினும் அதன் முகத்துவாரத்தில் மணல் சேர்வது நிற்கவில்லை. அண்மை ஆண்டுகளில் அவ்வாயிலில் படகுகள் கவிழ்ந்து, கரையைக் கண்ட பின்னர் உயிர் நீத்த மீனவர்கள் பலர். எஞ்சின் வந்ததால் காற்றுக்குக் காத்திருக்கும் கட்டாயம் நீங்கியது. ஆனால், எஞ்சின் நீரின் ஆழத்தைக் கூட்டிவிடவில்லை. மணலை அகற்ற வேண்டியது அரசின் கடமை. வாயிலின் அன்றைய நிலையை அறிந்து நுழைவது படகோட்டியின் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும் இழப்பு ஒரு குடும்பத்துக்குத்தான்.

காற்றும் மழையும் இன்றியே திடீரெனக் கடல் எழுந்து கரையில் ஏறுவதை எங்கள் மீனவர் கள்ளக்கடல் என்பர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென்கடலில் எழும் புயலின் அலைகளே இவ்வாறு வந்து சேர்கின்றன என்று இன்றைய அறிவியல் விளக்குகிறது. மீனவர் வழங்கிய அச்சொல்லையே 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே மாதத்தில் நம் மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஐவர் அலையில் சிக்கி மாண்டது, முந்திய நாளே எச்சரிக்கை வந்திருந்த வேளையில்தான். எச்சரிக்கை இருந்தால் போதாது. அதனைக் கேட்கும் பழக்கமும் வேண்டும்.

மாணவ நண்பர்களே, பாரிகாசாவின் அரசன் பெயர் நூல்களில் இருக்கிறது. அவன் கலங்களைத் திட்டுகளிடையே வழிநடத்திய மீனவருள் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. ஆயினும் அவர்கள் ஓதமறிந்து இழுத்திராவிட்டால், அந்த அரசனுக்குச் சுங்கமும் இல்லை, அந்த நகருக்கு வாணிகமும் இல்லை. வரலாற்றில் இத்தகையவர்களையும் தேடிக் காண்பது உங்கள் தலைமுறையின் வேலை. உங்கள் ஊர்க் கடற்கரையில் முதிர்ந்த மீனவர் இருந்தால், எந்தத் திதியில் எந்நேரம் நீர் ஏறும், எந்தத் திங்களில் பொழி எப்பக்கம் திரும்பும் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அவர் சொல்வதை ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அக்குறிப்பேடு ஒரு நாள் வரலாற்றுக்கும் உதவும். யாரேனும் ஒருவர் உயிரோடு கரை சேரவும் உதவும்.